லெப்பர்ட் கெக்கோ பல்லி: முதல் முறையாகக் குஞ்சு எடுக்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: ஆணுக்கு 2 வயது, 65 கிராம், அல்பினோ நிற வகை. பெண்ணுக்கு 10 மாதம், 38 கிராம், மேக் ஸ்னோ நிற வகை. ஒரு வாரமாக இரண்டும் ஒரே தொட்டியில் இருக்கின்றன. முட்டை வைத்தால் எத்தனை டிகிரியில், எத்தனை நாள் வைக்க வேண்டும்?

முதல் வேலையாக இரண்டையும் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் விடுங்கள். டிகிரிக் கணக்கைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். ஆனால் முதல் முறை குஞ்சு எடுப்பவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இன்குபேட்டரில் (முட்டையைச் சூட்டில் வைக்கும் பெட்டியில்) இல்லை. பெண்ணின் உடம்பு தேறுவதற்கு முன்னால் ஆணோடு விடுவதில்தான் எல்லாம் கெடுகிறது.

லெப்பர்ட் கெக்கோ ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை இடும். முட்டை ஒன்று சுமார் 3 கிராம். 38 கிராம் உடம்பிலிருந்து ஒரே தடவையில் 6 கிராம் போகிறது, அதாவது ஆறில் ஒரு பங்கு. அதோடு முடிந்தாலும் பரவாயில்லை, முடியாது. ஒரு முறை இணை சேர்ந்தாலே விந்தணுவை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, அந்தப் பருவம் முழுக்க ஆண் இல்லாமலே அடுத்தடுத்துக் கருத்தரிக்கும். முதல் பருவத்தில் இரண்டு மூன்று ஈடு, வளர்ந்த பெண் என்றால் ஐந்தாறு ஈடு, சில அதற்கு மேலும் இடும். ஒரு ஈட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டிலிருந்து நான்கு வாரம்தான். இன்னும் வளர்ந்து முடியாத பெண், முட்டை ஓட்டுக்கான கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். வால் மெலியும், தாடை ரப்பர் மாதிரி வளையும், கால் நடுங்கும். அந்த நிலையில் முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் உயிரே போய்விடும்.

அதனால் பெண்ணுக்குக் குறைந்தது 50 கிராம், 18 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதும் 45 கிராமும் இருந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது தாக்குப்பிடிக்கும் எல்லை, நல்ல நிலை அல்ல. எடையோடு வாலையும் பாருங்கள்: வாலின் தடித்த பகுதி கழுத்தளவுக்காவது பருமனாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் சேமிப்பெல்லாம் வாலில்தான் இருக்கிறது. மறுபுறம், வயிறு தரையில் இழுபடும் அளவுக்குக் கொழுத்த பெண்ணும் வேண்டாம். முட்டை சிக்கும் ஆபத்து அதற்கும் அதிகம். ஆண் ஒரு வயதைத் தாண்டி நன்றாகச் சாப்பிட்டால் போதும். உங்கள் ஆண் பிரச்சினையில்லை.

ஒரு வாரம் சேர்ந்து இருந்துவிட்டதால் உங்கள் பெண் ஏற்கெனவே கருவுற்றிருக்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் கருவுற்றது என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்: இன்றே முட்டைப் பெட்டி வையுங்கள், தீவனத்தைக் கூட்டுங்கள், கால்சியத்தை விடாமல் கொடுங்கள். இவற்றை விவரமாகக் கீழே எழுதியிருக்கிறேன். அது இட்டுவிட்டால் அந்த முட்டைகளை வைத்துக் குஞ்சு எடுக்கலாம். ஆனால் ஆணை மறுபடி காட்டாதீர்கள்.

இன்னொன்று, பெண் நிஜமாகவே பெண்தானா என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். மலத்துவாரத்துக்குச் சற்று மேலே, தலைகீழ் 'வி' வடிவில் மெழுகு அடைத்த துளைகள் வரிசையாகத் தெரிந்து, துவாரத்துக்குக் கீழே வாலின் அடியில் இரண்டு புடைப்பும் இருந்தால் ஆண். பெண்ணுக்கு அந்தத் துளைகள் மங்கலாக, மெழுகு இல்லாமல் இருக்கும், புடைப்பு இருக்காது. இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும்.

இணை சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் இரண்டின் மலத்தையும் கொடுத்துச் சோதியுங்கள். முக்கியமாகக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணிக்குப் பிசிஆர் சோதனை. அது இருந்தால் என்ன தின்றாலும் வால் குச்சியாகிக்கொண்டே போகும். சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாகாது, வீட்டில் உள்ள எல்லா கெக்கோவுக்கும் பரவும், உறுதியாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. புதிதாக வாங்கியதாக இருந்தால் 60 முதல் 90 நாள் தனி இடத்தில், தனி இடுக்கி, தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வைத்த பிறகுதான் மற்றதன் பக்கத்திலேயே கொண்டு போக வேண்டும்.

எந்த ஜோடி, என்ன குஞ்சு

அல்பினோவில் ஒரு சிக்கல் இருக்கிறது. லெப்பர்ட் கெக்கோவில் ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்று மூன்று அல்பினோ வகைகள் உண்டு. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். மரபணு மட்டத்தில் மூன்றும் வேறு. ட்ரெம்பரையும் பெல்லையும் சேர்த்தால் அல்பினோ குஞ்சு வராது, சாதாரண நிறத்தில்தான் வரும், ஆனால் இரண்டு மரபணுவையும் ஒளித்துச் சுமந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட குஞ்சு யார் கைக்காவது போய் மறுபடி குஞ்சு எடுத்தால் எது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். உங்கள் ஆண் எந்த வகை என்று விற்றவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். தெரியவில்லை என்றால், குஞ்சைக் கொடுக்கும்போது 'வகை தெரியாத அல்பினோ மரபு' என்று அப்படியே எழுதிக் கொடுங்கள்.

மேக் ஸ்னோவுக்கு ஒரு பிரதி மரபணு இருந்தாலே நிறம் தெரியும். இரண்டு பிரதி சேர்ந்தால் கண் முழுக்கக் கறுத்த சூப்பர் ஸ்னோ. உங்கள் ஜோடிக்கு, பெண்ணிடம் அல்பினோ மரபு ஒளிந்திருக்கவில்லை என்றால், சராசரியாகப் பாதிக் குஞ்சு மேக் ஸ்னோ, பாதி சாதாரணம். அத்தனையும் அல்பினோ மரபைச் சுமக்கும், ஒன்றுகூட அல்பினோவாக இருக்காது. அல்பினோ குஞ்சு வேண்டும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

எனிக்மா, லெமன் ஃப்ராஸ்ட் என்ற இரண்டு வகையை வைத்து எந்தக் காரணத்துக்காகவும் குஞ்சு எடுக்காதீர்கள். எனிக்மா தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கும், இரையைக் குறிபார்த்துப் பிடிக்க முடியாமல் தவிக்கும். நரம்புக் கோளாறு நிறத்தோடு ஒட்டியே வருகிறது. லெமன் ஃப்ராஸ்டில் வெள்ளை நிறச் செல்களிலேயே புற்றுக் கட்டி வருகிறது. 2021ல் வெளியான மரபணு ஆய்வு அதை ஸ்பின்ட்1 என்ற மரபணுவோடு தொடர்புபடுத்தியது. அந்த வகையில் 80 சதவீதத்துக்கு மேல் கட்டி வருவதாகவும் சொன்னது. எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். உடன்பிறந்தவற்றைச் சேர்ப்பதும் வேண்டாம்.

குளிர்காலமும் சேர்க்கையும்

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட மலைச்சரிவுகள்தான் இவற்றின் இயற்கை வாழிடம். அங்கே குளிரில் சில மாதம் ஒடுங்கிக் கிடந்து, வெயில் ஏறியதும் இணை சேரும். அதைத் தொட்டியில் நடிக்க வைப்பதற்காகப் பலர் 15, 16 டிகிரி வரை குளிர்விப்பார்கள். (இங்கே எல்லாம் செல்சியஸ்.) முதல் முறைக்கு அது தேவையில்லை, சொல்லப்போனால் ஆபத்து: குடலில் இரை செரிக்காமல் கிடக்கும்போது குளிர்ந்தால் அது உள்ளேயே அழுகும். மிதமாகச் செய்தாலே போதும். விளக்கு நேரத்தை 10 மணி நேரமாகக் குறைத்து, சூடான பக்கத்தை 26, 27 டிகிரிக்கு இறக்கி, தீவனத்தைப் பாதியாக்கி ஆறு வாரம் விடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே நிறுத்திவிட்டுப் பழைய சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். இதை அடியோடு செய்யாமல் விட்டாலும் பல ஜோடி சேரத்தான் செய்யும்.

பிறகு ஒரு வாரத்தில் படிப்படியாகச் சூட்டை ஏற்றி, சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33, குளிர்ந்த பக்கம் 24 முதல் 26, விளக்கு 12 முதல் 14 மணி நேரம் என்று கொண்டு வந்து, மூன்று வாரம் நன்றாகத் தீவனம் கொடுங்கள். அதற்கு அப்புறம்தான் சேர்க்கை.

பெண்ணை ஆணின் தொட்டிக்குக் கொண்டு போய் விட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்காருங்கள். ஆண் நாக்கை நீட்டி முகரும். பெண் என்று தெரிந்ததும் வால் நுனியைத் தரையில் படபடவென்று அதிர வைக்கும், அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். அப்புறம் வாலிலோ விலாவிலோ கவ்வி, மெல்ல மெல்ல மேலேறிக் கழுத்துத் தோலைப் பிடித்துக்கொள்ளும். பெண் தயாராக இருந்தால் அசையாமல் நின்று வாலைத் தூக்கும். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். கழுத்தில் லேசான பல் தடம் சகஜம். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் பிரித்துவிடுங்கள். பெண் திரும்பக் கடித்து, ஓடி, கத்தினால் இன்று அதற்கு மனமில்லை. நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு தடவை சேர்ந்தால் தாராளம். நிரந்தரமாக ஒன்றாக விட்டால் ஆண் ஓயாமல் துரத்தும், பெண் சாப்பிடாது, எடை இறங்கும்.

சேர்ந்து முடிந்ததும் ஆணின் துவாரத்தைப் பாருங்கள். வெளியே வந்த உறுப்பு சில நிமிடத்தில் உள்ளே போய்விட வேண்டும். சிவப்பாக வெளியே தொங்கினால் ஈரமான கிச்சன் பேப்பர் மேல் வைத்து, அது காய்ந்துவிடாமல் நனைத்துக்கொண்டே அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள். காய்ந்தால் அழுகிவிடும்.

சினைப் பெண்ணும் முட்டைப் பெட்டியும்

சேர்ந்து மூன்று நான்கு வாரத்தில் முதல் ஈடு. அதற்குள் வயிற்றுத் தோல் வழியே எல்லாம் தெரியும். முதலில் இளஞ்சிவப்பான வட்டங்கள், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கடைசி வாரத்தில் அவை நீண்டு வெள்ளையாகி, விலாவோரம் இரண்டு நீள்வட்டமாகப் புடைத்து நிற்கும். பசி முதலில் கூடும். இடுவதற்குச் சில நாள் முன்பு அடியோடு நின்று, இரவெல்லாம் மூலை மூலையாகத் தோண்டும்.

இந்தக் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது தீவனம் கொடுங்கள், கேட்டால் தினமும். கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு ஆகியவற்றை முக்கியத் தீவனமாக வையுங்கள். மீல்வார்ம் மட்டுமே போட்டால் கொழுப்புதான் ஏறும். பூச்சிக்கு முந்தைய 24 மணி நேரம் கீரை, காரட் கொடுத்து வயிற்றை நிரப்புங்கள். ஒவ்வொரு தீவனத்திலும் பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள். புற ஊதா விளக்கு இல்லாத தொட்டி என்றால் வாரம் இரண்டு தடவை வைட்டமின் டி3 கலந்த பொடி. வாரம் ஒரு தடவை வைட்டமின் ஏ சேர்ந்த பல்வகை வைட்டமின் பொடி. இதெல்லாம் போக, டி3 இல்லாத வெறும் கால்சியம் பொடியை ஒரு சிறு மூடியில் தொட்டியிலேயே வையுங்கள். தனக்கு வேண்டும்போது வந்து நக்கிக்கொள்ளும். அந்த மூடியில் டி3 கலந்ததை வைக்கக் கூடாது. டி3 அளவு மீறினால் உடம்பிலேயே தங்கி நஞ்சாகும்.

முட்டைப் பெட்டி சுலபமானது. பெண் உள்ளே நன்றாகத் திரும்பும் அளவுக்கு, சுமார் 20க்கு 15 சென்டிமீட்டரில், 10 சென்டிமீட்டர் உயரத்தில் மூடியுள்ள ஒளி புகாத பிளாஸ்டிக் டப்பா. பக்கத்தில் 5 சென்டிமீட்டர் துளை. விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் வயிற்றைக் கீறும். உள்ளே 6, 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈரமான கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) அல்லது வெர்மிகுலைட் (ஈரம் தாங்கும் கனிமத் துகள்). கையில் எடுத்துப் பிழிந்தால் கட்டியாக நிற்க வேண்டும், தண்ணீர் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. சூடான பக்கத்தை ஒட்டி வைத்தால் பெட்டிக்குள் 27, 28 டிகிரி இருக்கும், அதுதான் அதற்குப் பிடிக்கும். பெட்டி காய்ந்திருந்தாலோ சூடு போதாவிட்டாலோ இரண்டில் ஒன்று நடக்கும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் இட்டுவிடும், முட்டை சில மணி நேரத்தில் சுருங்கிவிடும். அல்லது நல்ல இடம் தேடி இடாமலே அடக்கிக்கொண்டு இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

தோண்டித் தோண்டிக் களைத்து, முக்கி, ஒன்றும் வராமல் இரண்டு நாள் ஆகிவிட்டால், அல்லது ஒரு முட்டை வந்து மற்றொன்று உள்ளேயே தெரிந்தால், அல்லது பெண் கண்ணைத் திறக்காமல் துவண்டு கிடந்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். வயிற்றை அமுக்கி வெளியேற்றப் பார்க்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் வயிற்றறை முழுக்கச் சீழ் பிடிக்கும்.

நல்லபடியாக இட்டுவிட்டால் காலையில் பார்த்ததுமே தெரியும்: விலா இரண்டும் குழிந்து, தோல் தொளதொளவென்று, பசியோடு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கே தண்ணீரும் தீவனமும் கொடுத்து, எடை பார்த்து எழுதுங்கள்.

முட்டையைக் கையாள்வது

பெட்டியைக் காலையும் மாலையும் பாருங்கள். இட்டவுடன் முட்டை மெத்தென்று பசை பிடித்தாற்போல இருக்கும். சில மணி நேரத்தில் இறுகி, காகிதம் போல வெள்ளையாகும். எடுப்பதற்கு முன்பே மேல்பக்கத்தில் மென்மையான பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் பக்கம் கடைசி வரை மேலேயே இருக்க வேண்டும். பறவை முட்டையில் கருவைத் தாங்கிப் பிடிக்க முறுக்குக் கயிறு போன்ற சவ்வு இருக்கிறது. பல்லி முட்டையில் அது இல்லை. கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது. முதல் நாளுக்குப் பிறகு புரட்டினால் மஞ்சள் கரு அதன் மேல் சரிந்து கருவை அமுக்கிவிடலாம். இரண்டு முட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

நான்கைந்து நாள் கழித்து இருட்டில் சின்ன எல்ஈடி டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடியுங்கள். கரு பிடித்திருந்தால் உள்ளே இளஞ்சிவப்பு வளையமும், அதிலிருந்து கிளைக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களும் தெரியும். முழுக்க மஞ்சளாக இருந்தால் கரு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். சந்தேகம் உள்ள எதையும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். கரு இல்லாதது தானாகவே மஞ்சளித்து, அமுங்கி, பூஞ்சை பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் ஈடு இரண்டுமே வெறும் முட்டையாக இருப்பது இளம் பெண்ணுக்குச் சகஜம்.

முட்டை வைக்கும் டப்பா ஒரு லிட்டர் அளவில் போதும். வெர்மிகுலைட்டும் தண்ணீரும் எடைக்கு எடை சமம்: 100 கிராமுக்கு 100 கிராம். பெர்லைட் (வெள்ளை நிறக் கனிமத் துகள்) என்றால் 100 கிராமுக்கு 80 கிராம் தண்ணீரில் ஆரம்பியுங்கள். தராசு வைத்து நிறுத்துத்தான் கலக்க வேண்டும், கப் அளவு உதவாது. 4 சென்டிமீட்டர் ஆழம் போட்டு, விரலால் குழி செய்து முட்டையைப் பாதி மட்டும் புதையுங்கள். மூடியில் ஊசித் துளை இரண்டு போதும். வாரம் ஒரு தடவை திறந்து காற்று மாற்றுங்கள்.

மூடிய டப்பாவின் மொத்த எடையை முதல் நாளே அதன் மேல் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடை போட்டு, எடை எவ்வளவு குறைந்திருக்கிறதோ அந்த அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரை ஓரமாக விடுங்கள், முட்டை மேல் படக் கூடாது. இந்த முட்டை சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பெரிதாகிக்கொண்டே போகும், அதனால்தான் ஈரத்துக்கு இவ்வளவு கணக்கு. இடையில் குழி விழுந்தால் ஈரம் குறைவு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் ஓரிரு நாளில் நிமிரும். ஈரம் அதிகமானால் முட்டை விம்மி, பளபளத்து, கரு முக்கால்வாசி வளர்ந்த பிறகு உள்ளேயே செத்துப்போகும்; முதல் முறை செய்பவர்களிடம் இதுதான் அதிகம் நடக்கிறது. மூடியில் கோத்த நீர் முட்டை மேல் சொட்டினாலும் அதே கதைதான். மூடியை அவ்வப்போது துடைத்துவிடுங்கள்.

நல்ல முட்டை மேல் லேசாகப் பூஞ்சை வந்தால் உலர்ந்த பஞ்சால் துடைத்தால் போதும். உயிருள்ள கரு பெரும்பாலும் அதைத் தாங்கிவிடும்.

எத்தனை டிகிரி

லெப்பர்ட் கெக்கோவுக்கு ஆண், பெண் என்று தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. முட்டை இருக்கும் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் ஏறக்குறைய எல்லாம் பெண். 30 டிகிரியில் கலவை, பெண் அதிகம். 32 முதல் 32.5 வரை பெரும்பான்மை ஆண். 34ஐத் தாண்டினால் மறுபடி பெண். ஆனால் அந்தச் சூட்டில் பிறக்கும் பெண்கள் ஆண் மாதிரி முரடாக இருப்பதும், பல கருத்தரிக்காமலே போவதும் ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். 35க்கு மேல் கரு சாகும், பிழைத்தாலும் வால் வளைந்து, முதுகு கோணி வரும். 24க்குக் கீழே நாள்கணக்கில் இருந்தாலும் தேறாது.

உங்களுக்கு என் பரிந்துரை 27.5 டிகிரி. பெரும்பாலும் பெண் குஞ்சு வரும், ஆண் ஆணுடன் சண்டை என்ற தலைவலி குறையும். அதைவிட முக்கியம், தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒரு டிகிரி தவறினாலும் கரு சாகாத இடம் இது. 32ல் வைத்தவருக்கு இரண்டு மூன்று டிகிரி ஏறினாலே எல்லாம் போய்விடும். நாள்கணக்கு: 27, 28ல் இரண்டு மாதம், சற்று முன்பின், 32ல் 40 நாள் அளவில். நாள் தள்ளிப் போனால் முட்டையைக் கிழித்துப் பார்க்காதீர்கள். முட்டை விம்மிய நிலையிலேயே, நாற்றமில்லாமல் இருக்கும் வரை அது உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஆண், பெண் முடிவாவது முதல் சில வாரத்துக்குள். அந்தக் காலத்தில் வெப்பம் அங்குமிங்கும் ஓடினால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. வெப்பம் அதிகமாக இருந்தால் குஞ்சின் நிறம் பளிச்சென்று வரும் என்பதற்காக மூன்று வாரம் 27லும் பிறகு 31லும் வைப்பவர்கள் உண்டு. முதல் முறைக்கு அந்த வேலை வேண்டாம்.

இன்குபேட்டர் கோழி முட்டைக்கு விற்பதாகவும் இருக்கலாம், ஆனால் முட்டையைத் தானாகப் புரட்டும் தட்டைக் கழற்றிவிட வேண்டும். தெர்மாகோல் பெட்டியும் சூட்டுக் கேபிளும் தெர்மோஸ்டாட்டும் வைத்து நீங்களே செய்ததாகவும் இருக்கலாம். எதுவானாலும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் முட்டை டப்பா இருக்கும் மட்டத்தில் இருக்கட்டும். அதோடு தனியாக ஒரு டிஜிட்டல் வெப்பமானியை டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். திரையில் காட்டும் எண்ணும் டப்பாவுக்குள் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மூன்று நான்கு பாட்டில் தண்ணீரை உள்ளே நிறுத்தினால் மின்சாரம் நின்றாலும் சூடு மெதுவாகத்தான் இறங்கும், கதவைத் திறந்தாலும் சட்டென்று மாறாது. முட்டை வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு, காலை, மதியம், இரவு எண்களை எழுதுங்கள். அரை டிகிரிக்கு மேல் ஆடினால் சரிசெய்ய இப்போதுதான் நேரம்.

ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை: இன்குபேட்டர் சூடாக்கும், குளிர்விக்காது. அறையே 33 டிகிரிக்குப் போனால் உள்ளே 27.5 என்று வைத்த எண்ணுக்கு மதிப்பில்லை. அப்படிப்பட்ட அறை என்றால் வீட்டின் மிகக் குளிர்ந்த மூலைக்கு மாற்றுங்கள், அல்லது சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் பெல்டியர் வகைப் பெட்டி வாங்குங்கள்.

குஞ்சு வந்த பிறகு

வெளிவருவதற்கு ஓரிரு நாள் முன்பு முட்டையின் மேல் துளித்துளியாக வியர்க்கும், பிறகு தொய்ந்து குழி விழும். கடைசி வாரத்தில் விழும் இந்தக் குழிக்குத் தண்ணீர் சேர்க்கக் கூடாது. மூக்கு நுனியில் உள்ள முட்டைப் பல்லால் ஓட்டைக் கீறி, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு பல மணி நேரம் அப்படியே கிடக்கும். செத்துவிட்டதோ என்று தோன்றும். தொடாதீர்கள். மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. இழுத்து எடுத்தால் மஞ்சள் கருப் பை கிழிந்து ரத்தம் போய்ச் சாகும்.

வெளியே வந்த குஞ்சு சுமார் 3 கிராம், 8 சென்டிமீட்டர். ஒவ்வொன்றையும் தனியாக 5, 6 லிட்டர் பெட்டியில் விடுங்கள். தரைக்குக் கிச்சன் பேப்பர். மணல் வேண்டாம், தின்றால் குடலை அடைக்கும். ஒரு ஈரமான மறைவிடம், ஒரு உலர்ந்த மறைவிடம், ஆழமில்லாத தண்ணீர் மூடி. சூடான பக்கம் 31. இரண்டை ஒன்றாக விட்டால் தீவன நேரத்தில் ஒன்று மற்றதன் வாலைக் கடித்துத் துண்டாக்கும், மெலிந்தது மேலும் மெலியும்.

ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் முதல் தோலை உரித்து, அதைத் தானே தின்றுவிடும். அதற்கு முன் தீவனம் போட வேண்டாம். உள்ளிருக்கும் மஞ்சள் கருவே போதும். தோல் உரித்த மறுநாளிலிருந்து, அதன் இரு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தை விடப் பெரிதாகாத கிரிக்கெட் பூச்சி நாலைந்து தினமும், கால்சியம் பூசி. மிச்சத்தை அன்று இரவே எடுத்துவிடுங்கள், பசித்த பூச்சி குஞ்சைக் கடிக்கும். கையை நீட்டினால் வாயைத் திறந்து கீச்சென்று கத்தும். அது வெறும் பயம், முதல் மாதம் அநாவசியமாகத் தூக்காதீர்கள். ஒவ்வொரு முறை தோல் உரித்த பிறகும் கால் விரல்களைப் பாருங்கள். வளையமாகத் தோல் மிச்சம் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பஞ்சால் எடுங்கள், விட்டால் இறுக்கி விரலே விழுந்துவிடும். பத்து நாளாகியும் சாப்பிடாத குஞ்சு, அல்லது எடை இறங்கிக்கொண்டே போகும் குஞ்சு இருந்தால் முதலில் பெட்டியின் சூட்டை அளந்து பாருங்கள்; பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

இரண்டு மாதம் ஆகி, 12 கிராமைத் தாண்டி, தானாகத் துரத்திப் பிடித்துத் தின்றால்தான் வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம். உங்கள் ஊரில் இதை வளர்க்கவும் கொடுக்கவும் உரிமம் வேண்டுமா என்பதை முட்டை வருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

முதல் பருவத்தில் மூன்று ஈட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு குஞ்சு என்றாலே ஆறு பெட்டி, ஆறு இடத்தில் சூடு, தினமும் முப்பது பூச்சி. பெண்ணின் எடை தொடங்கியதை விட ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, ஈட்டுக்கு ஈடு மீண்டு வரவில்லை என்றால் அதற்கு முன்பே நிறுத்துங்கள். ஆணைப் பிரித்தால் மட்டும் அது நிற்காது, சேமித்த விந்தணு இருக்கிறதே. விளக்கு நேரத்தைக் குறைத்து, சூட்டை இரண்டு மூன்று டிகிரி இறக்கினால் பெரும்பாலும் மெதுவாக ஓயும். அதற்குள் வரும் முட்டைகள் வேண்டாம் என்றால் இட்ட அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் வளர்ந்த கருவை அப்படிச் செய்யக் கூடாது. ஆனால் முட்டைப் பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆணே பார்க்காத பெண்கூட வெறும் முட்டை இடும், இட இடம் இல்லை என்றால் அதற்கும் சிக்கிக்கொள்ளும்.